கறுப்பாக வந்த கியர் ஆயில்

நம் வயதில் தரையில் முட்டியை மடக்கி உட்கார்ந்துவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. என்னால் முடிவதில்லை. சுவரைப் பிடித்து, ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டுத்தான் எழுந்திருக்கிறேன். இருந்தும் வருடத்துக்கு ஒரு முறை என் ஸ்கூட்டரின் கியர் ஆயிலை நானே வாசலில் உட்கார்ந்து மாற்றுகிறேன். “கடைல வுட்டா அரைமணி நேரம். உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்று மகன் கேட்பான். அவன் கேட்பது நியாயம்தான். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பதினோரு வயதில் கற்றுக்கொண்டது. அந்த வயதில் ஒரே ஒரு முறைதான் செய்தேன். அதோடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் போய்விட்டார்.

அப்போது நாங்கள் பட்டாபிராமில் இருந்தோம். ராணுவக் கிடங்குக்குப் போகும் தண்டவாளம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் போகும். கூட்ஸ் வண்டி போனால் சமையலறைத் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அப்பா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மூன்றாவது கையாக வாங்கிய பழைய வண்டி. ஸ்பீடோமீட்டர் முள் எப்போதோ செத்துப் பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது. ஆனாலும் அப்பா அதைத் துடைக்கிற துணியை நாங்கள் தொடக்கூடாது. மஞ்சள் நிற மெத்துத் துணி அது. எங்கள் வீட்டில் அவ்வளவு மெத்தென்று வேறு எதுவும் இருந்ததில்லை.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அப்பா மஸ்கட் வேலைக்குப் போனார். போகும்போது மூன்று பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தார். வீடு அம்மாவுக்கு. படிப்பு எனக்கு. வண்டி மாமாவுக்கு.

மாமா அம்மாவின் தம்பி. அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் தங்கியிருந்தார். அவர் உடம்பிலிருந்து எப்போதும் பசை வாசனை வரும். அம்மாவுக்கு அவரை வளர்த்த பிள்ளை மாதிரி. பாட்டி சீக்கிரமே போய்விட்டதால் அவருக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, வேலைக்கும் அனுப்பியவள் அம்மாதான்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் அப்பா ஓட்ட விட்டதில்லை. “லைசென்ஸ் இல்ல, பொறுமையும் இல்ல” என்பார். வண்டியை அவரிடம் விட்டுவிட்டுப் போனதன் அர்த்தம், பார்த்துக்கொள் என்பது மட்டும்தான்.

என்ன செய்யவேண்டும் என்று அப்பா ஒரு முழு வெள்ளைத்தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடவும். சக்கரத்தின் அடியில் பலகை வைக்கவும். தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டவும். சாவி அம்மாவிடம் இருக்கவேண்டும். ரோட்டுக்கு எடுக்கக்கூடாது. கடைசியில் இப்படி இருந்தது: ‘கியர் ஆயில் புதிதாக மாற்றிவிட்டுத்தான் போகிறேன். ஆனாலும் மழை ஈரம் உள்ளே இறங்கும். பொங்கல் கழிந்து ஒரு முறை மாற்றவும். வண்டி நின்றே இருந்தால் பழைய ஆயில் தேன் நிறத்தில் அப்படியே வரும்.’

அந்தக் கடைசி வரியை அவர் எழுதியிருக்க வேண்டாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக் கொடுப்பாள். மாமா தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு, மூன்றாவது நான்காவது உதையில் வண்டியைக் கிளப்புவார். நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்று உதறும். “எங்க போலாம் பாப்பா?” என்பார் மாமா. “பூந்தமல்லி” என்பேன். “வந்துட்ச்சு, எறங்கு” என்பார். அடுத்த வாரம் மாங்காடு. அதற்கடுத்த வாரம் மெரினா. அந்த மழைக்காலம் முழுக்க ஒரு அங்குலம் நகராமல் நாங்கள் நிறைய ஊருக்குப் போனோம்.

ஐப்பசியில் ஒரு நாள் அம்மா திருவள்ளூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது மாமா வீட்டில் இருந்தார். வேலை நாள். ஆனால் காக்கிச் சட்டையில் இல்லாமல் வெள்ளைச் சட்டையில் இருந்தார். தார்ப்பாய்க் கயிறு வழக்கமான இடத்தில் கட்டப்படாமல் பின் சக்கரத்துப் பக்கம் அவசரமாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மாமா எனக்கு மசால் பொரி வாங்கி வைத்திருந்தார், தின்றேன்.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு கியர் ஆயில் மாற்றுவது என்று முடிவானது. மாமா அதற்கு முன் அந்த வேலையைச் செய்ததில்லை. அலமாரிக் கதவை வந்து வந்து படித்துவிட்டுப் போனார். முதலில் வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டார், சூட்டில் ஆயில் இளகவேண்டும் என்று. அம்மா ஒரு பழைய அலுமினிய பேசினைக் கொடுத்தாள். மாமா ஸ்பானர் போட்டு அடிபோல்ட்டைத் தளர்த்தினார். மிச்சத்தைக் கையால் திருகி எடுக்க வேண்டும். சைலன்சருக்கும் பலகைக்கும் நடுவில் அவர் கை போகவில்லை. என் கை போனது.

இப்போதும் விரலில் அது இருக்கிறது. போல்ட் சூடாக இருந்தது. கடைசிச் சுற்று வரும்வரை ஒன்றும் இல்லை. அப்புறம் சட்டென்று கையில் வழிந்தது. மணிக்கட்டு வரை சூடு. தாரும் கெட்டுப்போன முட்டையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. போல்ட்டைப் பேசினில் போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

வந்தது தேன் நிறம் இல்லை. நல்ல கறுப்பு. வெயிலில் பார்த்தால் அதில் வெள்ளிப்பொடி மாதிரி என்னவோ சுழன்று சுழன்று மினுங்கியது. எனக்கு அழகாகத்தான் இருந்தது.

அம்மா முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடா இவ்ளோ கறுப்பா கீது?”

“தெர்லகா.”

“புச்சா ஊத்திட்டுப் போனேன்னுதான எழுதி வெச்சிக்கீறாரு. நிக்கிற வண்டில எப்டிடா கறுப்பாவும்?”

மாமாவின் காது சிவந்தது. பேசினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொட்டு நிற்கும்வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு போல்ட்டை மாட்டி, புனல் வைத்து, புது ஆயிலை ஊற்றினார். அது நிஜமாகவே தேன் மாதிரி, அவசரமே இல்லாமல் இறங்கியது. அளவு காட்டும் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கசிய ஆரம்பித்ததும் நிறுத்தி மூடினார். வேலை சுத்தமாகத்தான் முடிந்தது.

அன்று சாயங்காலம் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“மாமா வண்டிய வெளிய எட்த்துகினு போனானா?”

“தெரியாதும்மா.”

“பொய் சொல்லாத.”

“ஒரு நாள் கயிறு வேற மாதிரி கட்டிருந்துது.”

நான் சொன்னது அவ்வளவுதான். பொய் இல்லை. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா கெட்டவள் இல்லை. புருஷன் கடல் தாண்டி இருக்க, தெருவில் எல்லார் கண்ணுக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருந்தவள். அப்பா திரும்பி வந்து கேட்கிற முதல் கேள்வி வண்டியைப் பற்றித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பயம். இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அவள் முகம் எனக்குக் கோபமாகத்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு எழுத்து சரியாக வராது. நீலநிற ஏர்மெயில் தாளில் நான்தான் அப்பாவுக்கு எழுதுவேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘ஆயில் கறுப்பாக வந்தது. பொடி பொடியாக மினுங்கியது. தம்பி வண்டியை ஓட்டியிருப்பான் என்று நினைக்கிறேன்.’ கையெழுத்து அழகாக இருக்கவேண்டும் என்பதில்தான் என் கவனம் இருந்தது. தாளின் மூலையில் ஒரு பூ வேறு வரைந்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. வருகிற கடிதங்களைச் சாப்பாட்டு நேரத்தில் நான் உரக்கப் படிப்பது வழக்கம். அன்றும் படித்தேன். மாமா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நலம், நலமறிய ஆவல், வெயில், அறையில் எட்டுப் பேர் என்று போய்க்கொண்டிருந்த கடிதம், நான் நிறுத்துவதற்குள் அங்கே போய்விட்டது. ‘சாவியை இனி அவனிடம் கொடுக்காதே. நம்பி விட்டதற்கு இதுதான் பலன். அவன் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது.’

மாமா தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். எழுந்து போய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலை தகரப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். அம்மா வாசலுக்கு வந்தாள்.

“நான் ஒன்ன போவச் சொல்லல.”

“தெரியும்கா.”

“மத்தியானம் சாப்ட்டுப் போ.”

“ஷிப்ட்டு கீதுகா.”

நான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நின்றுகொண்டிருந்தேன். மாமா என் தலையில் கை வைத்தார். பசை வாசனை அடித்தது. சைக்கிள் ரயில்வே கேட் பக்கம் போனது.

அடுத்த வருடம் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. நேரில் வந்து வைக்கவில்லை என்று அம்மாவுக்குக் கோபம். போகவேண்டாம் என்று அப்பா எழுதினார். அம்மா போகவில்லை. அப்புறம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் இரண்டு பக்கமும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. காரணங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அப்பா இரண்டு வருடம் கழித்து வந்தார். எட்டு மாதம் வண்டியை ஓட்டினார். பிறகு வீட்டுக்கு இன்னும் இரண்டு அறை கட்ட வேண்டியிருந்ததால் திருநின்றவூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். வீடே காவல் காத்த அந்த வண்டி, ஒரு மத்தியானம் தெருமுனை திரும்பிப் போய்விட்டது. அம்மா அலமாரிக் கதவிலிருந்து அந்தத் தாளைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்தாள்.

அம்மா இறந்தபோது மாமா வந்தார். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் தெருவோரமாக நின்றிருந்தார். முடி நரைத்துப்போயிருந்தது. நிற்கிற விதத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கூப்பிடவேண்டும் என்று நினைத்தேன். யாரோ எண்ணெய் எங்கே என்று கேட்டார்கள், எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் அவர் இல்லை. அதற்குள் போயிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மயானத்துக்குப் போனவர்களில் ஒருவராகத் தள்ளி நடந்து போனார் என்று பின்னால் சொன்னார்கள்.

பன்னிரண்டு வருடம் போயிற்று. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, ஆவடியில் என் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் காலை நான் வாசலில் உட்கார்ந்து ஸ்கூட்டர் ஆயிலை வடித்துக்கொண்டிருந்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கறுப்பா கீதா?” என்றார். கண் சரியாகத் தெரியாது அவருக்கு.

“ஒரு வருஷம் ஓடுன ஆயில் கறுப்பாதாம்பா இருக்கும்.”

நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே, “அன்னிக்கி நான் மாத்தல” என்றார்.

“என்னிக்கி?”

“மஸ்கட் போறதுக்கு முன்ன. டின்னு வாங்கி வெச்சிருந்தேன். நேரமில்ல. மாத்திட்டியான்னு ஒங்கம்மா கேட்டா. மாத்திட்டேன்னுட்டேன். பேப்பர்லயும் அப்டியே எழுதிட்டேன்.”

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

“நான் லெட்டர் எழுதுனனே. கறுப்பா வந்துதுன்னு எழுதுனனே. அப்பவாவது சொல்லிருக்கலாமில்ல?”

“படிச்சதும் தெரிஞ்சிபோச்சு, அது என் பழைய ஆயிலுன்னு. வெக்கமா இருந்துது. அப்பறம், அவன் ஓட்டிருக்க மாட்டான்னும் சொல்ல முடியாதுல்ல.” வாயை மெல்வது போல அசைத்தார். “காப்பி வெக்கிறியா?”

உங்களில் சிலர் கேட்கலாம், கோபம் வரவில்லையா என்று. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. ஆயில் சொட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். புதியதை ஊற்றி மூடினேன். கை கழுவிக் காப்பி வைத்துக் கொடுத்தேன். சர்க்கரை குறைவாக இருக்கிறது என்றார். இன்னும் அரைக் கரண்டி போட்டுக் கொடுத்தேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவளும் அரைக் கரண்டி போட்டுத்தான் கொடுத்திருப்பாள்.

அப்பா இருக்கும்வரை மாமாவிடம் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் போய் ஒரு வருடம் ஆன பிறகு, ஒரு உறவுக்காரரிடம் விலாசம் கேட்டு வாங்கினேன். வேப்பம்பட்டு. ஆவடியிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. இத்தனை வருடமாக மாமா அரைமணி நேரத் தூரத்தில்தான் இருந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன, மாமாவின் மகன் கேன் போடுகிறார். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். நான் யார் என்று சொன்னதும் மாமா எழுந்திருக்க முயன்றார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த ஆயில் அப்பா விட்டுப்போன பழைய ஆயில், உங்கள் மேல் தப்பே இல்லை என்றேன்.

மாமா பார்வையைக் கேன்கள் பக்கம் திருப்பினார்.

“நா ஓட்னேன் பாப்பா” என்றார்.

“என்ன மாமா?”

“ஒரே ஒரு தபா. அக்கா திருவள்ளூர் போயிருந்துச்சே, அன்னிக்கி. மாங்காட்டுக்கு. இவள பாக்க.” அத்தையைத் தலையால் காட்டினார்.

“அந்த வண்டியப் பாத்துதான் எங்கப்பா சரின்னாரு” என்றார் அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது இவருதில்லன்னு தாலி ஏறின அப்பறம்தான் எனக்குத் தெரியும்.”

“ஆயிலு கறுப்பா வந்துச்சுல்ல. நா ஓட்னதாலதான்னு நெனச்சிட்டேன். ஒரு தபா ஓட்னா அவ்ளோ கறுப்பாவுமான்னு யார கேக்கறது? அட்டைப்பெட்டி ஒட்றவனுக்கு இன்னா தெரியும். அதான் கம்முனு கெளம்பிட்டேன்.” சிரிக்க முயன்றார். “இத்தினி வருஷமும் நான்தான்னு நெனச்சிக்கினு கீறேன்.”

ஒருவர் ஆயிலை மாற்றாமலே மாற்றினேன் என்றார். ஒருவர் மாங்காடு வரை போய்விட்டு வந்ததற்கு ஒரு ஆயுளைக் கொடுத்தார். நடுவில் நின்றவள் எதுவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

“அக்காவுக்குத் தெரியுமா, ஒங்க நைனா மாத்தலன்னு?”

“தெரியாது மாமா. அம்மா போன அப்பறம்தான் அவரு என்கிட்டயே சொன்னாரு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“கடைசில என்னிய கேட்டாளா?”

அம்மா கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். பால்காரரைக் கேட்டாள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவத்தைக் கேட்டாள், அடுப்பை அணைத்தேனா என்று கேட்டாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உண்மையைச் சொல்லத்தான் ரயில் ஏறி வந்திருந்தேன்.

“கேட்டாங்க மாமா” என்றேன். “ரெண்டு மூணு தபா கேட்டாங்க.”

அத்தையின் கை கீரையில் நின்றது. மாமா என் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் கூட அவர் என்னை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

“அவ கேட்ருக்க மாட்டா பாப்பா” என்றார். “எங்கக்காவ எனக்குத் தெரியாதா.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கையை நீட்டி என் கையின் மேல் வைத்தார்.

“பரவால்ல வுடு. கேட்டான்னே வெச்சிக்கிறேன்.”

அத்தை முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முட்டியில் கை ஊன்றி எழுந்து, எனக்கும் சேர்த்து அரிசி அளக்க உள்ளே போனார்.